தெப்பக்குளத்தில் ஊதாப்பூ

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து முகத்தைச் சுளிக்க வேண்டாம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கே தபால் ஆபீசில் நான்தான் போஸ்ட்மாஸ்டர். மணியார்டர் பாரத்தில் பின்கோடு எழுதாமல் நீட்டுகிறவர்கள், எச்சில் தொட்டு ஸ்டாம்ப் ஒட்டுகிறவர்கள், கதவைச் சாத்துகிற நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வருகிறவர்கள் என்று ஒருத்தரையும் நான் விட்டதில்லை. "ரமா மாமி உள்ள இருக்காளா?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டு, இருக்கிறேன் என்று தெரிந்தால் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. போகட்டுமே!

நான் சொல்ல வந்தது இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் தெப்பக்குளத்துக்கு வந்த வினையைப் பற்றி. அதற்கு முந்தின வைகாசியில் என் தங்கை சுப்ரஜா கேளம்பாக்கத்தில் புது ஃபிளாட் வாங்கினாள். கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, அதில் ஒரு செடியை மிதக்க விட்டிருந்தார்கள். குண்டு குண்டாகத் தண்டு, பளபளவென்று இலை, நடுவில் கொத்தாக ஊதாப்பூ. பூவின் மேலிதழில் மஞ்சளாக ஒரு பொட்டு. அடடா, என்ன அழகு! "ஒரே ஒரு செடி எடுத்துக்கறேன்டீ" என்றேன். "பத்து எடுத்துண்டு போக்கா. வாராவாரம் ஒரு கூடை பிடுங்கி வெளில கொட்டறா" என்றாள் சுப்ரஜா. அந்த வார்த்தையிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

கொல்லையில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. அதில் தண்ணீர் நிரப்பி விட்டேன். ஒரு மாசத்தில் தொட்டி கொள்ளவில்லை. எனக்கானால் தலைகால் புரியாத பெருமை. தெருவில் பதினொரு வீட்டுக்குக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே நுழைந்து, "செடி எப்படி இருக்கு? தண்ணி மாத்தினேளா?" என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். பக்கத்து வீட்டு சுப்புராமன் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், அவர் தொட்டியில் ஒரு தடவை கொசு முட்டை இருந்ததற்கு அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

புரட்டாசியில்தான் அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை தாயாருக்குப் புஷ்பம் சமர்ப்பிப்பது எங்கள் வீட்டுக் கைங்கர்யம். இந்த ஊதாப்பூவைப் பறித்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடுகிறது. அதனால் பறிக்காமல், செடியை வேரோடு எடுத்து அலம்பி, வெண்கல உருளியில் தண்ணீர் விட்டு, தாயார் சன்னதி வாசலில் மிதக்க விட்டேன். சாயங்காலம் வரை வாடவில்லை. பார்த்தவர்களெல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள்.

ராத்திரி நடை சாத்தும்போது வரதன் பட்டர் உருளியைத் தூக்கிக்கொண்டு மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குழிப்பக்கம் போனார். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "வரதா! தாயார் சன்னதில இருந்த புஷ்பம் அது. நாலு பேர் கால் படற எடத்துல கொட்டுவியோ?" என்று ஒரு சத்தம் போட்டேன். பெருமாளுக்குக் களைந்த மாலையைக் கால் படாத இடத்தில், தண்ணீரில்தான் சேர்க்க வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம், அவருக்கும் தெரியும். "செடியா இருக்கே மாமி..." என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு, தெப்பக்குளத்துப் படியில் இறங்கி, பக்தியோடு அவ்வளவையும் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே நடந்தது.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பியது. கார்த்திகையில் கிழக்கு மூலையில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. மார்கழியில் பாதிக் குளம் போய்விட்டது. ஆகாயத்தாமரை என்றார்கள். முழங்கால் உயரத்துக்கு நெடுநெடுவென்று தண்டு, அகலமாக இலை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய் விரித்த மாதிரி. என் தொட்டியில் இருந்தது குட்டையாய், குண்டாய், பூவோடு சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்று என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றவே இல்லை. இடம் நெருக்கடியானால் அது உயரமாக வளரும் என்று யார் கண்டார்கள்?

வாலிபர்கள் நாலு பேர் அரிவாளோடு இறங்கி வெட்டு வெட்டென்று வெட்டினார்கள். வெட்டின துண்டெல்லாம் குளம் முழுக்க மிதந்து போய், போன இடத்தில் துளிர்த்தது. தை பிறந்தபோது முக்கால் குளம் மூடியிருந்தது. மாசிப் பௌர்ணமிக்குத் தெப்பம். இருபத்தெட்டு நாள்தான் பாக்கி.

அறங்காவலர் ஜானகிராமன் மண்டபத்தில் கூட்டம் போட்டார். நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் "பார்க்கலாம்" என்பவர். "இந்த வருஷம் தெப்பம் சுத்தி வராது. கரையோரமாவே நிறுத்தி தீபாராதனை காட்டிடலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சுத்தாத தெப்பத்துக்குத் தெப்பம்னு பேரா? எந்தப் பாவி இதைக் கொண்டுவந்து குளத்துல போட்டான்னு மொதல்ல கண்டுபிடிங்கோ! அவனை இந்த மண்டபத்துல நிக்க வெச்சு, ஊரறிய ஒத்துக்கச் சொல்லணும்!" என்று கத்தினேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் பேச்சின் வேகம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போகிற வழியில் குளத்தைப் பார்த்தேன். பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு கொத்து. ஊதா நிறம், மேலிதழில் மஞ்சள் பொட்டு.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெருமாளே, அந்தப் பாவி நானா? நேற்று வாய் கிழியக் கத்தினேனே! இது வெளியே தெரிந்தால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்? இத்தனை வருஷம் நான் திட்டினவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருத்தரும் எப்படிச் சிரிப்பார்கள் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ராமானுஜம், பேசாத மனுஷர். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதால் பேசிப் பழக்கமில்லை.

அன்றைக்கு மத்தியானம் தபால் ஆபீஸ் கவுண்டருக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும், இடுப்பில் சொருகின புடவை, கையில் ஒரு கட்டைப்பை. பக்கத்து ஊர் மகளிர் குழுத் தலைவி லோகநாயகி என்று அப்புறம்தான் தெரிந்தது.

"இன்னாம்மா, உங்க கொளத்துல ஆகாயத்தாமரைய வளத்துகினு கீறீங்களா?" என்றாள்.

"ஸ்டாம்ப் வேணுமா, கவர் வேணுமா?" என்றேன் விறைப்பாக.

"ஒரு மண்ணும் வாணாம். உங்க கொளம் ரொம்பினா தண்ணி எங்க ஏரிக்குத்தான் வருது. போன வருசந்தான் எங்க ஏரில அத்த எடுத்தோம். மூணு மாசம் பேஜாராப் பூட்ச்சு. மறுபடியும் உங்க ஊட்டாண்ட இருந்து வருதுன்னா சும்மா வுட்ருவோமா? இங்க யாரக் கேக்கறது? கேட்டா உன்னத்தான் காட்றாங்க."

என் கவுண்டருக்கு முன்னால் நின்று என்னை விடச் சத்தமாகப் பேசின முதல் ஆள் அவள்தான். குற்றமுள்ள நெஞ்சு. "உனக்கு எடுக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாமயா வந்து நிக்கறேன்?" என்றாள்.

ஜானகிராமனிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் "பார்க்கலாம்" என்பதற்குள் "நாளைக்குக் காலம்பற ஆறு மணி" என்று நானே சொல்லிவிட்டேன்.

காலையில் வந்தால் எனக்கே ஆச்சரியம். என் தெருவே படிக்கட்டில் நிற்கிறது. சுப்புராமன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறார். என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமலே முன்னதாக வந்துவிட்டிருக்கிறார். லோகநாயகியோடு அவள் குழுப் பெண்கள் எட்டுப் பேர். அவள் முதலில் செடியைத் தொடவே இல்லை. உபரித் தண்ணீர் வெளியே போகிற மதகுக்குப் போய், இரட்டையாக மீன் வலையைக் கட்டினாள். "ஒரு துண்டு இந்தாண்ட வரக்கூடாது" என்றாள்.

அதற்கப்புறம் வேலை. குளத்தின் குறுக்கே தேர்வடம் மாதிரிக் கனமான கயிற்றைப் போட்டு, இரண்டு கரையிலும் ஆள் நின்று இழுக்க வேண்டும். செடி மொத்தமாகப் பாயோடு நகர்ந்து படிக்கு வரும். படியில் நிற்பவர்கள் வேரோடு தூக்கிக் கூடையில் போட வேண்டும். "அறுக்காதீங்க, வெட்டாதீங்க, வேரோட தூக்கு! இன்னாய்யா, கட்டின பொண்டாட்டிய தூக்கற மாரி கூச்சப்படற, நல்லா அமுக்கிப் புடி!" என்று லோகநாயகி கரையில் நின்று விரட்டினாள். சுப்புராமன் சார் அறுபத்தாறு வயதில் வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எடுத்ததைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகலாம் என்றால் விடவில்லை. ஒரு மழை பெய்தால் உருண்டு உள்ளே போய்விடுமாம். டிராக்டரில் ஏற்றி, குளத்துக்கு வெகு தூரத்தில் பள்ளம் வெட்டி, வெயிலில் காயப்போட்டு, சாணியைக் கொட்டி மூடச் செய்தாள். நான் லீவு போட்டுவிட்டு இடுப்புத் தண்ணீரில் நின்றேன். இத்தனை வருஷத்தில் பிள்ளை பெற்றதற்கப்புறம் நான் எடுத்த நீளமான லீவு அது. "மாமி எப்படி உழைக்கறா பாரு" என்று ஊரே சொன்னது. கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது.

ஒன்பதாம் நாள், மோர் குடிக்க லோகநாயகியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சமையலறையில் மோர் கலக்குகிற நேரத்தில் அவள் கை அலம்பக் கொல்லைக்குப் போய்விட்டாள். தொட்டியை மூடி வைக்க வேண்டும் என்று புத்திக்குத் தோன்றாமல் போய்விட்டதே! டம்ளரோடு ஓடினேன். அவள் தொட்டியைப் பார்த்தபடி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? நாத்தாங்கால் வுட்டுகினு கீறியா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமாம், அழுதேன். கேளம்பாக்கத்திலிருந்து உருளி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மோரை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"சரி, தெரியாம பண்ணிட்ட. சாமிக்குன்னு பண்ணிட்ட. இந்தத் தொட்டிய இன்னிக்கே காலி பண்ணு. வேற யாருக்குனா குட்த்தியா?"

"பதினொரு ஆத்துக்கு."

"அய்ய! அப்ப கொளத்த எடுத்து இன்னா புண்ணியம்? ஒரு தொட்டில இருந்து ஒரு செடி போனாப் போதும், அடுத்த தையில மறுபடியும் இதே கத. அல்லார் கைலயும் சொல்லு. இது இன்னா செடி, எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் தூக்கிப் போடுவாங்க. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

அன்று சாயங்காலமே என் தொட்டியைக் காலி செய்து, செடியைச் சாக்கில் கட்டிப் பள்ளத்தில் போட்டேன். போடும்போது ஒன்றில் மொட்டு இருந்தது. மனசு வரவில்லைதான், போட்டேன். ஆனால் அந்தப் பதினொரு வீடு? ஒவ்வொரு வீட்டு வாசல் வரை போனேன். "செடி நன்னா இருக்கு மாமி, தண்ணிகூட மாத்திட்டேன்" என்று அவர்களே பயந்து பயந்து சொன்னார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். வாய்க்குப் பேர்போன ரமாவுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

மாசிப் பௌர்ணமி வந்தது. குளத்தில் ஒரு செடி இல்லை. இரும்புப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடித்து, சீரியல் லைட் போட்டு, பெருமாளும் தாயாரும் தெப்பத்தில் எழுந்தருளினார்கள். நாதஸ்வரக்காரர் தெப்பத்திலேயே உட்கார்ந்து வாசிக்க, கரையிலிருந்து கயிறு பிடித்து இழுத்தார்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. நிலா தண்ணீரில் முழுசாகத் தெரிந்தது.

இரண்டாம் சுற்று முடிந்ததும்தான் மரியாதை செய்வது வழக்கம். ஜானகிராமன் மைக்கில், "நம்ம குளத்தைக் காப்பாத்தின ஸ்ரீமதி ரமா ராமானுஜம் அவர்களுக்குப் பெருமாள் மாலை" என்றார். வரதன் பட்டர் மாலையை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். எதிரே பெருமாள். படிக்கட்டு முழுக்க ஜனம். கூட்டத்தில் லோகநாயகி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். இந்த மாலையை வாங்கிக்கொண்டால் என் மானம் பிழைக்கும். குளம் பிழைக்காது. பெருமாள் கழுத்தில் இருந்த மாலையைப் பொய்க் கழுத்தில் வாங்க என்னால் முடியாது.

மைக்கைப் பிடுங்கிக்கொண்டேன். கோபமாகத்தான் வந்தது, எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

"எல்லாரும் கேளுங்கோ! அந்த ஆகாயத்தாமரையைக் குளத்துல விட்ட பாவி நான்தான்! கேளம்பாக்கத்துலேர்ந்து கொண்டுவந்தது நான். தாயாருக்குன்னு உருளில வெச்சது நான். குழியில போடப் போன வரதனைத் திட்டித் தண்ணில விடச் சொன்னதும் நான். பதினொரு ஆத்துல நான் குடுத்த செடி இருக்கு. நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு அத்தனையும் சாக்குல கட்டிண்டு பள்ளத்துக்கு வரணும். ஒரு இலை மிச்சம் வைக்கப்படாது! இந்த மாலை லோகநாயகிக்கு. இப்போ சிரிக்கறவா சிரிச்சுக்கோங்கோ!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆச்சரியமாகப் பார்க்கவும் இல்லை. என்னடா இது என்று எனக்கே திகைப்பாக இருந்தது. முதல் படியில் கயிற்றோடு நின்ற சுப்புராமன் சார் தொண்டையைக் கனைத்தார்.

"எங்களுக்குத் தெரியுமேம்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"உன் செடிதான்னு. எங்க தொட்டிலயும் அதானே இருக்கு? பூவைப் பார்த்தாத் தெரியாதா? புரட்டாசிலயே பார்த்தேன். அப்போ இந்தப் படியோரமா மொத்தமே மூணு செடிதான் இருந்தது. உங்கிட்டச் சொல்லலாம்னு வந்தேன். நீ வாசல்ல நின்னு சிலிண்டர் போடறவனைத் திட்டிண்டு இருந்தே. திரும்பிப் போயிட்டேன்."

"மூணா?" என்றேன். மைக்கில் ஊரெல்லாம் கேட்டது.

"நானும் சொல்ல வந்தேன் மாமி" என்றார் வரதன் பட்டர், மாலையை இறக்காமல். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "தொட்டியைத் தூக்கிப் போட்டா நீங்க வந்து செடி எங்கன்னு கேப்பேளேன்னுதான் வெச்சிண்டிருந்தோம்" என்றது. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று செடி! குனிந்து ஒரு கையால் எடுத்துப் போட்டிருக்கலாம். இருபது நாள், நாற்பது பேர், டிராக்டர், இடுப்பு வலி, எல்லாம் எதற்கு? என் வாய்க்குப் பயந்து ஊரே சேர்ந்து ஒரு குளத்தை மூழ்கடித்துவிட்டு, அப்புறம் ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் என்னோடு வந்து தண்ணீரில் நின்றிருக்கிறது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. சுப்புராமன் சாரை நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். முதல் படியில் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒரு படி பின்னால் நகர்ந்தார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரித்தேன். மைக்கில் அது கர்ரென்று கேட்டது. பிறகு ஊரே சிரித்தது. அதற்குள் வரதன் பட்டர் போட்டுவிட்ட மாலையோடு லோகநாயகி, "நல்ல ஊருய்யா இது, செடிக்கு பயப்படாம போஸ்ட்டாபீசுக்கு பயந்துகினு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதோ பாருங்கோ" என்றேன், குரலை இறக்கி. எனக்குக் குரலை இறக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "இனிமே எதுவானாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்கோ. கத்த மாட்டேன். கத்தினாலும் நின்னு சொல்லிட்டுப் போங்கோ."

"நெஜமாவா? இப்போ ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் சுப்புராமன் சார்.

"சொல்லுங்கோ."

"மைக்கைக் குடுத்துட்டு நகந்துக்கோம்மா. பெருமாள் மூணாவது சுத்துக்கு அரை மணியாக் காத்துண்டிருக்கார்."

ஒரு வினாடி என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். மைக்கை ஜானகிராமன் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கிப் போய் சுப்புராமன் சாருக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தேன்.